மாத்திரையைப் பொடிப்பதற்கு முன்

பக்கவாதத்தால் விழுங்கும் திறனை இழந்த முதியவர் ஒருவர், சிகிச்சை முடிந்து, மூக்கு வழியே செலுத்தப்பட்ட ரைல்ஸ் குழாயுடன் வீடு திரும்பினார். மறுநாள் பிற்பகல் அவரை மீண்டும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். உடல் வியர்த்துக் குளிர்ந்திருந்தது. நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 42 மட்டுமே. இரத்த அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. பக்கவாதம் மீண்டும் தாக்கிவிட்டதோ என்று குடும்பத்தினர் அஞ்சினர். பரிசோதனைகளில் அவ்வாறு எதுவும் புலப்படவில்லை.

தந்தையை அருகிருந்து கவனித்துவந்த மகளிடம் என்னென்ன மருந்துகள், எந்த நேரத்தில், எவ்வாறு கொடுக்கப்பட்டன என்று கேட்டேன். "சீட்டில் எழுதியபடிதான் கொடுத்தேன், டாக்டர். குழாயில் அடைக்கக் கூடாதென்று எல்லா மாத்திரைகளையும் மாவுபோல் பொடித்து, தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன்" என்றார். அம்மாத்திரைகளுள் ஒன்று மெட்டோப்ரோலால். இதயத் துடிப்பின் வேகத்தையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மருந்து அது. நாள் முழுவதும் சிறிது சிறிதாக வெளிப்படுமாறு தயாரிக்கப்பட்ட நீடித்த வெளியீட்டு வகையைச் சேர்ந்தது. ஒரு நாளைக்குரிய அளவு, பொடித்த காரணத்தால் குறுகிய நேரத்திற்குள் உடலில் கலந்துவிட்டது.

அந்த மகள் தவறேதும் செய்யவில்லை. மாத்திரையைப் பொடிக்கக் கூடாது என்று சீட்டில் எழுதப்படவில்லை. அச்சீட்டில் கையொப்பமிட்டிருந்தவன் நான். அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அப்போது அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "பொடித்தாலும் அதே மருந்துதானே, டாக்டர்? பொடித்தால் மருந்து மாறிவிடுமா?"

மருந்து மாறுவதில்லை. மாத்திரைதான் மாறிவிடுகிறது. இந்த வேறுபாட்டை அன்று அவரிடம் சில வரிகளில் சொன்னேன். இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மருந்து வேறு, மாத்திரை வேறு

ஒரு மாத்திரையில் நோயைத் தீர்க்கும் மருந்துப்பொருள் ஒரு பகுதி மட்டுமே. மீதியில் பெரும்பங்கு, அம்மருந்தைத் தாங்கவும் காக்கவும் உரிய இடத்தில் உரிய வேகத்தில் விடுவிக்கவும் சேர்க்கப்படும் துணைப்பொருள்கள். அவற்றுள் முதன்மையானவை பலபடிகள். பாலிமர் என்று நாம் வழக்கில் சொல்வது இவற்றைத்தான். பூக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து மாலை தொடுப்பதுபோல, சிறிய மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இணைந்து உருவாகும் நீண்ட சங்கிலி அது. பருத்தியிலும் மரத்திலும் உள்ள செல்லுலோஸ் இயற்கை தந்த பலபடி. அதைச் சிறிது மாற்றியமைத்தே மாத்திரைகளுக்குரிய பல பலபடிகளைத் தயாரிக்கிறார்கள்.

ஹைப்ரோமெல்லோஸ் என்னும் பலபடி அத்தகையது. நீரிழிவு நோயாளர் பலர் உட்கொள்ளும் நீடித்த வெளியீட்டு மெட்ஃபார்மின் மாத்திரைகள் பலவற்றில் இது உள்ளது. நீர் பட்டதும் மாத்திரையின் மேற்பரப்பில் இது கூழ்போல் உப்பி ஒரு படலமாகிறது. உள்ளிருக்கும் மருந்து அந்தக் கூழைக் கடந்து மெல்ல மெல்ல வெளிவருகிறது.

எத்தில் செல்லுலோஸ் என்பது நீரில் கரையாதது. நுண்ணிய மருந்து மணிகளின் மேல் மெல்லிய உறையாகப் பூசப்படும்போது, மருந்து வெளியேறும் வேகத்தை அந்த உறை கட்டுப்படுத்துகிறது. முதியவருக்குத் தரப்பட்ட மாத்திரை, இவ்வாறு உறையிட்ட நூற்றுக்கணக்கான மணிகளை ஒன்றாக அழுத்திச் செய்யப்பட்டது. அத்தகைய மாத்திரையை நடுக்கோட்டில் இரண்டாக உடைத்தாலும் பெரும்பாலான மணிகள் சேதமின்றி இருக்கும். உரலில் இட்டு இடித்தால் மணிகளின் உறையே நொறுங்கிவிடும்.

மெத்தாக்ரிலிக் அமிலப் பலபடிகள் வேறு வகை. இவை இரைப்பையின் அமிலத்தில் கரையாமல் நின்று, அமிலம் தணிந்த குடலை அடைந்த பின்னரே கரைகின்றன. அமிலத்தில் சிதைந்துவிடும் பான்டோப்ரசோல் போன்ற மருந்துகளை இத்தகைய உறை காக்கிறது. பெருங்குடல் அழற்சிக்குத் தரப்படும் மெசலமின் மாத்திரைகள் சிலவற்றில், பி.எச். அளவு 7-ஐ எட்டும் சிறுகுடலின் கடைப்பகுதியில்தான் உறை கரையத் தொடங்கும். மருந்து தேவைப்படும் இடத்திற்கு அருகில்தான் அது விடுபடுகிறது.

ஆகவே மாத்திரை என்பது வெறும் பொடியை அழுத்திச் செய்த வில்லையன்று. அது ஒரு கட்டமைப்பு.

கண்ணுக்குத் தெரியாததை ஒளி காட்டும்

இந்தக் கட்டமைப்பு சரியாக அமைந்திருக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? பலபடிச் சங்கிலியை எந்தச் சாதாரண நுண்ணோக்கியாலும் காண முடியாது. இங்கேதான் நிறமாலையியல் துணைக்கு வருகிறது.

ஒரே சுருதி கூட்டிய இரண்டு தம்புராக்களை அருகருகே வைத்து ஒன்றை மீட்டினால், மற்றொன்றின் தந்தியும் தானே அதிரும். சுருதி ஒவ்வாவிட்டால் அதிராது. மூலக்கூறுகளின் பிணைப்புகளும் தந்திகளைப் போன்றவையே. ஒவ்வொரு பிணைப்பும் தனக்குரிய அதிர்வெண்ணில் ஓயாது அதிர்ந்துகொண்டிருக்கிறது. அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சினால், தன் சுருதிக்கு ஒத்த பகுதியை மட்டும் அப்பிணைப்பு உறிஞ்சிக்கொள்ளும். எந்தெந்தப் பகுதிகள் உறிஞ்சப்பட்டன என்று பதிவு செய்தால் கிடைக்கும் வரைபடமே நிறமாலை. மனிதருக்குக் கைரேகை எப்படியோ, பொருளுக்கு நிறமாலை அப்படி.

பொருள் எது என்பதோடு, அது எவற்றோடு பிணைந்திருக்கிறது என்பதையும் நிறமாலை சொல்லும். கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த கார்பனைல் தொகுதி பல மருந்துகளிலும் பலபடிகளிலும் உண்டு. அதன் ஆக்சிஜனை அருகிலுள்ள மூலக்கூறு ஒன்றின் ஹைட்ரஜன் பற்றிக்கொண்டால், தந்தி சற்றுத் தளர்ந்தாற்போல் அதன் சுருதி இறங்கும். நிறமாலையில் அதற்குரிய முகடு இடம் பெயரும்.

இந்தோமெத்தசின் என்னும் வலிநிவாரணியை எடுத்துக்கொள்வோம். அது நீரில் எளிதில் கரையாது. படிக உருவற்ற நிலையில் வைத்தால் நன்றாகக் கரையும். ஆனால் அந்த நிலை நிலைப்பதில்லை. மூலக்கூறுகள் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாகிவிடும். போவிடோன் என்னும் பலபடியுடன் கலந்தால் இந்த மாற்றம் வெகுவாகத் தடைப்படுகிறது. ஏன் என்பதை லின் டெய்லர், ஜார்ஜ் ஸோக்ராஃபி ஆகிய இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் அகச்சிவப்பு நிறமாலையையும் ராமன் நிறமாலையையும் கொண்டு விளக்கினர். தனித்திருக்கும்போது இந்தோமெத்தசின் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கின்றன. போவிடோன் சேர்ந்ததும் அந்த இணைகள் பிரிகின்றன. ஒவ்வொரு மருந்து மூலக்கூறும் பலபடிச் சங்கிலியின் கையைப் பற்றிக்கொள்கிறது. தம்முள் கூடி அடுக்கிக்கொள்ளும் வாய்ப்பு அவற்றுக்குக் குறைந்துவிடுகிறது.

ராமன் நிறமாலை என்னும் பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருபவர், திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. ராமன். ஒரு பொருளின் மீது பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி, அப்பொருளின் மூலக்கூறு அதிர்வுகளுக்கு ஏற்ப நிறம் மாறி வெளிவருகிறது என்று கொல்கத்தாவில் 1928 பிப்ரவரி 28 அன்று அவர் கண்டறிந்தார். அந்த ஆய்வில் அவருடன் உழைத்தவர் கே. எஸ். கிருஷ்ணன். 1930-இல் நோபல் பரிசு பெற்ற அந்தக் கண்டுபிடிப்பு, இன்று மருந்து ஆய்வகங்களில் அன்றாடம் பயன்படுகிறது. லேசர் ஒளியால் மாத்திரையின் பரப்பைப் புள்ளி புள்ளியாக ஆராய்ந்து, மருந்து எங்கே, பலபடி எங்கே என்று வண்ண வரைபடமே தீட்டிவிடலாம். நீர் இம்முறைக்குப் பெரிய இடையூறாக இல்லாததால், மாத்திரை நீரில் உப்பிக் கரையும்போதே அதன் உள்ளே நிகழ்வதைக் கவனிக்கவும் முடிகிறது.

நம் நோயாளர்களுக்குப் பழக்கமான எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கும் இத்துறையில் நெருங்கிய உறவினர் உண்டு. எம்.ஆர்.ஐ. எந்த அடிப்படையில் இயங்குகிறதோ, அதே அணுக்கரு காந்த ஒத்ததிர்வைக் கொண்டு பலபடிச் சங்கிலியின் கண்ணிகளை எண்ணிவிடலாம். புராஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒருமுறை போடப்படும் லியூப்ரோலைடு ஊசிமருந்து ஒன்றில், லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் கலந்த பலபடியாலான நுண்மணிகளுக்குள் மருந்து அடைக்கப்பட்டுள்ளது. அறுவை சிகிச்சையில் பயன்படும் கரையும் தையல் நூல்களும் இதே குடும்பம். இவ்விரு அமிலங்களின் விகிதமே மணிகள் எத்தனை நாளில் கரையும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இரண்டும் சரிபாதியாக இருந்தால் விரைவில் கரையும். லாக்டிக் அமிலத்தின் பங்கு முக்கால் பகுதியானால் காலம் நீளும். அந்த விகிதத்தை உறுதிசெய்வது இந்த ஒத்ததிர்வு நிறமாலைதான்.

ஒரு மருந்து தவறிய கதை

கட்டமைப்பு மாறினால் என்ன நேரும் என்பதை மருத்துவ உலகம் 1998-இல் கண்கூடாகக் கண்டது. எச்.ஐ.வி. தொற்றுக்குரிய ரிட்டோனாவிர் என்னும் மருந்து 1996-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுப் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, தயாரித்த காப்ஸ்யூல்கள் திடீரெனக் கரைதல் சோதனையில் தவறத் தொடங்கின. மருந்தின் வேதிச்சேர்மம் அணுவளவும் மாறவில்லை. ஆயினும் கரையவில்லை.

நுண்ணோக்கியும் எக்ஸ் கதிர் ஆய்வும் நிறமாலைகளும் காரணத்தை வெளிப்படுத்தின. அதுவரை எவரும் கண்டிராத இரண்டாவது படிக வடிவம் ஒன்று தோன்றியிருந்தது. அதே மூலக்கூறுகள் வேறு வகையில் வளைந்து, வேறு வகையில் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகி அடுக்கிக்கொண்டிருந்தன. இந்த வடிவம் முன்னதைவிட மிகக் குறைவாகவே கரைந்தது. காப்ஸ்யூல் விநியோகம் தடைப்பட்டது. உயிர்காக்கும் மருந்தை நம்பியிருந்த நோயாளர்கள், சுவை சகிக்க முடியாத திரவ வடிவத்துக்கு மாற நேர்ந்தது. பின்னர் வந்த புதிய காப்ஸ்யூலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டியிருந்தது.

இதற்கு நிலையான தீர்வைத் தந்தது ஒரு பலபடி. லோபினாவிரும் ரிட்டோனாவிரும் சேர்ந்த மாத்திரை 2005-இல் வந்தது. கோபோவிடோன் என்னும் பலபடியுடன் மருந்தைச் சூட்டில் உருக்கிக் கலந்து, குளிரவைத்து அதைத் தயாரித்தார்கள். மருந்து மூலக்கூறுகள் படிகமாகக் கூடிவிடாதவாறு பலபடிச் சங்கிலிகளுக்கிடையே சிதறி நிற்கின்றன. நாளுக்கு ஆறு காப்ஸ்யூல்கள் உட்கொண்டவர்களுக்கு நான்கு மாத்திரைகள் போதுமாயின. குளிர்ப்பெட்டியும் தேவையில்லாமற் போயிற்று. மின்வசதி குறைந்த நாடுகளின் நோயாளர்களுக்கு இது பெரும் உதவி.

அதே மாத்திரையைக் குழந்தைகளுக்குப் பொடித்துக் கொடுத்தபோது நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், முழு மாத்திரையாக விழுங்கியபோது கிடைத்ததைவிட, பொடித்துக் கொடுத்தபோது உடலில் சேர்ந்த மருந்தின் அளவு ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்திருந்தது.

முதியவருக்குப் பொடித்ததால் மருந்து மிகுந்தது. இக்குழந்தைகளுக்குப் பொடித்ததால் மருந்து குறைந்தது. பொடித்தால் இன்னதுதான் நிகழும் என்று பொதுவிதி எதுவும் இல்லை. ஒவ்வொரு மாத்திரையின் கட்டமைப்பும் வேறு. ஆகவேதான் ஊகித்து முடிவெடுக்காமல் கேட்டறிய வேண்டும்.

ஈரம் என்னும் எதிரி

பலபடியுடன் கலந்து படிக உருவற்ற நிலையில் வைக்கப்பட்ட மருந்துக்கு ஈரமும் பகை. காற்றிலுள்ள நீரைப் பலபடி உறிஞ்சும்போது அதன் இறுகிய சங்கிலிகள் தளர்கின்றன. அடைபட்டிருந்த மருந்து மூலக்கூறுகளுக்கு நகர இடம் கிடைக்கிறது. அவை மெல்லக் கூடிப் படிகமாகின்றன. வெளிப்பார்வைக்கு மாத்திரையில் எந்த மாற்றமும் தெரியாமலிருக்கலாம். நிறமாலையைப் பார்த்தால்தான் தெரியும். அந்த வசதி எந்த வீட்டிலும் இல்லை. ஆகவே ஈரம் அணுகாமல் காப்பதே நம்மால் இயல்வது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. ஒரு மருந்தைப் பொடிப்பதற்கும், மெல்வதற்கும், காப்ஸ்யூலைத் திறப்பதற்கும் முன், மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள். விழுங்குவது கடினம் என்றாலும், ரைல்ஸ் குழாய் அல்லது வயிற்றுக் குழாய் இருந்தாலும், மருந்துச் சீட்டு எழுதும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

2. மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், இஆர், எக்ஸ்ஆர், எக்ஸ்எல், சிஆர் போன்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், அது பெரும்பாலும் நீடித்த வெளியீட்டு வகை. எழுத்துகள் இல்லாததால் மட்டும் பொடிக்கலாம் என்று கொள்ள வேண்டாம். குடலில் கரையும் உறையிட்ட மாத்திரைகள் பலவற்றில் அத்தகைய அடையாளம் இராது.

3. நடுக்கோடு உள்ள மாத்திரையை மருத்துவர் சொன்னால் இரண்டாக உடைக்கலாம். உடைக்கலாம் என்பதற்குப் பொடிக்கலாம் என்று பொருளில்லை.

4. உப்பும் தன்மையுள்ள பலபடி கொண்ட மாத்திரையைப் பொடித்து நீரில் கலந்தால், அது கூழாகிக் குழாயையே அடைத்துவிடக்கூடும். குழாய் வழியே தருவதற்கேற்ற திரவ மருந்தோ, சாதாரண வகை மாத்திரையோ பல மருந்துகளில் உண்டு. வேளையும் அளவும் மாறக்கூடும் என்பதால், மாற்றத்தை மருத்துவரே செய்ய வேண்டும்.

5. மலத்தில் முழு மாத்திரை போன்ற ஒன்றைக் கண்டு பலர் அஞ்சுவார்கள். சில நீடித்த வெளியீட்டு மாத்திரைகளில் மருந்து வெளியேறிய பின், கரையாத பலபடிக் கூடு மட்டும் எஞ்சி வெளிவரும். மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி மறுமுறை உட்கொள்ள வேண்டாம். அது எந்த மாத்திரை என்று அடுத்த வருகையின்போது சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு இருந்தாலோ, குடல் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ உடனே சொல்லுங்கள்.

6. நீடித்த வெளியீட்டு மருந்துகளை மதுவுடன் உட்கொள்ளக் கூடாது. நீரில் கரையாத சில பலபடிகள் மதுவில் கரைந்துவிடும். இக்காரணத்தால், நீடித்த வெளியீட்டு ஹைட்ரோமார்ஃபோன் வலிநிவாரணி ஒன்றின் விற்பனை 2005-இல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது.

7. மாத்திரைகளை அவை வந்த அட்டையிலோ குப்பியிலோ வைத்திருங்கள். குப்பிக்குள் இருக்கும் சிறிய உலர்த்திப் பொட்டலத்தை எறிந்துவிட வேண்டாம். குளியலறை, அடுப்பங்கரை, சன்னலோரம் ஆகியவை மருந்துக்கு ஏற்ற இடங்கள் அல்ல. மருத்துவர் சொல்லாத மாத்திரையைக் குளிர்ப்பெட்டியில் வைக்கவும் வேண்டாம். எடுத்து எடுத்து வைக்கும்போது அதன்மேல் ஈரம் படியும்.

8. வாராந்திர மருந்துப் பெட்டியில் பிரித்து வைப்பது மறதியைத் தவிர்க்க நல்ல வழி. ஆனால் எந்த மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்கலாம் என்று மருந்தாளுநரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, இதுவரை பொடித்துக் கொடுத்துவந்த மருந்தை அச்சத்தால் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவதும் தீங்கு தரும் மருந்துகள் உள, மெட்டோப்ரோலாலே அத்தகையது. மருந்துகளை அட்டையோடு எடுத்து வாருங்கள். சேர்ந்து பார்த்துத் தீர்மானிப்போம்.

அந்த முதியவர் இரண்டு நாள் கண்காணிப்புக்குப் பின் தேறினார். அவருக்கு அதே மருந்தின் சாதாரண வகையை, அளவைப் பிரித்து, ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக எழுதினேன். அதைப் பொடித்துக் குழாய் வழியே கொடுக்கலாம். சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே 'பொடிக்கலாம்' அல்லது 'பொடிக்கக் கூடாது' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். குழாயுடன் வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் இப்போது அவ்வாறே எழுதுகிறேன். உங்கள் சீட்டில் அந்தச் சொல் விடுபட்டிருந்தால், தயங்காமல் கேளுங்கள். அந்த மகளின் கேள்விதான் எனக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுத்தந்தது.